அண்ணாச்சிக்குப் பதிலாக நான்

ஸ்பிரிட் வாசனை. போன வாரம் சர்க்கரை பார்க்க ஒரு லேபுக்குள் நுழைந்தேன். அது மூக்கில் ஏறியதுமே கன்னம் சூடாகிவிட்டது. நர்ஸ் கண்ணாடிக் குப்பியை நீட்டினாள். இரண்டடி பின்வாங்கினேன். "யூரினுக்குத்தான் சார்" என்றாள்.

பாவம், அவளுக்கு எப்படித் தெரியும் – பதினைந்து வருஷமாக எனக்குக் குப்பி என்றாலே நடுக்கம் என்று?

அப்போது நான் கல்யாணமாகாதவன். வடகரையில் எங்கள் பக்கத்து வீடு அருணாசலம் அண்ணாச்சிக்கு. தேங்காய் வியாபாரம். கோமதி மதினியைக் கட்டி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. ஒவ்வொரு சீசனுக்கும் மதினியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவிக்குக் கீழே நிறுத்துவார்கள். மூலிகைத் தண்ணீர் கர்ப்பப்பையைக் கழுவுமாம். உதடு நீலம் பாயும்வரை நிற்க வேண்டும்.

அந்த வருஷம் தென்காசிக்கு ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதற்கென்றே படித்தவர். அவரிடம் ஒரு பிடிவாதம் – புருஷனைச் சோதிக்காமல் பெண்சாதியைத் தொடமாட்டார்.

அண்ணாச்சி, மதினி, அண்ணாச்சியின் அம்மா மூவரும் கிளம்பினார்கள். இங்கிலீஷ் தெரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். டாக்டர் அண்ணாச்சியிடம் குப்பியைக் கொடுத்துப் பின்னறையைக் காட்டினார். அண்ணாச்சி என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே, நீ உள்ள போயிட்டு வா."

"அண்ணாச்சி, இது நீங்க குடுக்கணும்லா..."

"ஆம்பளைன்னா எல்லாம் ஒண்ணுதாம்லே. எனக்குக் கூச்சமா இருக்கு. எம்மேல மரியாதை இருந்தா போ."

போனேன். மரியாதைக்காக ஒருவன் என்னவெல்லாம் செய்வான்... எழுதவே கூசுகிறது.

அரை மணி கழித்து டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் இல்லை."

ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சீ.

மறுகணம் அண்ணாச்சியின் அம்மா எழுந்தார். "நான் அப்பமே சொன்னம்லா, கொறை இவகிட்டதான்னு. கடையத்துல பொண்ணு பாத்து வச்சிருக்கேன். ஆவணியில முடிச்சிருவோம். இவ அப்பன் வீட்டுக்குப் போவட்டும்."

மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். சொல்லிவிடுவார்... இப்போது சொல்லிவிடுவார்... அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சப்படுகிறவர் என்றல்லவா நினைத்தேன்? இவ்வளவு துணிந்தவரா இவர்?

"டாக்டர், அது என்னோடது" என்றேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய் சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி.

"அப்படின்னா இன்னொரு தடவை கொடுங்க. நான் கதவுக்கு வெளியிலேயே நிக்கிறேன்."

அண்ணாச்சி குப்பியோடு உள்ளே போய்வந்தார். பிறகு டாக்டர் அவரையே மைக்ராஸ்கோப்பில் குனியவைத்தார். முதலில் என்னுடையது. அடுத்து அவருடையது.

"அதுல வால் வச்சு என்னமோ ஓடுச்சு... இதுல ஒண்ணையும் காணலையே டாக்டரம்மா."

"ஆமா. காணலை. உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி அம்மா பக்கம் திரும்பினார். "கொறை எனக்குத்தாம்மா."

அந்த அம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க முதல் ஆள்னு நினைக்காதீங்க" என்றார். "ஒருத்தர் தன் டிரைவரை அனுப்பினார். இன்னொருத்தர் மச்சினனை. எல்லாம் பின்னாலதான் தெரிஞ்சது."

பரீட்சையில் ஆள் மாறாட்டம் உண்டு, ஓட்டுச்சாவடியில் உண்டு. இதிலுமா? எவனோ கொடுத்த குப்பியை நம்பி எத்தனை பெண்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனார்களோ...

தென்காசி பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி என் பக்கம் திரும்பவேயில்லை. மூவரும் வடகரை பஸ்ஸில் ஏறினார்கள். எனக்கு ஏறத் தைரியமில்லை. ஜன்னலோரம் மதினி. புருஷன் பக்கத்தில் இருக்கும்போதே, குரலைத் தாழ்த்தாமல் என்னிடம் சொன்னார்:

"தம்பி, அவுக இனிமே ஒங்ககிட்டப் பேசமாட்டாவ. நான் பேசுதேன்."