உறைந்துபோன மணிகளும் தாணு அண்ணாச்சியும்

தாணு அண்ணாச்சி இன்று காலை போய்விட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

அவர் வேலை பார்த்த ஏஜென்சியின் டிரைவர்தான் போன் பண்ணிச் சொன்னார். அப்போதிலிருந்து லேபில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன்.

எங்கள் லேபுக்குப் பரிசோதனைக் கிட்டுகள் கொண்டுவருபவர் அவர். பூர்வீகம் நாஞ்சில் நாடு, வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். ஸ்கூட்டரில் எப்போதும் ஒரு தெர்மோகோல் பெட்டி.

அதில் வருவதில் முக்கியமானது ஒரு சின்னக் குப்பி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள். லேசர் பட்டால் ஒளிரும், எவ்வளவு ஒளிரும் என்பது முன்பே தெரியும். தினமும் காலையில் முதலில் அதைத்தான் மெஷினில் ஓட்டுவோம். அது சரியாக வந்தால்தான் நோயாளியின் சாம்பிளைத் தொடுவோம்.

ஒருநாள் கேட்டார். "எத்தன வருசமா தூக்கிட்டு வாரேன்... உள்ள என்ன இருக்குன்னு ஒருக்கா காட்டுங்க மேடம்."

ஸ்கிரீனில் வரைபடத்தைக் காட்டினேன். மணிகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி, ஒல்லியாக ஒரு சிகரம். "கொள்ளாம் கேட்டோ!" என்று மலையாளத்தில் மெச்சி, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

நான் சொல்ல வந்தது அதையல்ல.

இரண்டு வருடம் முன்பு ஒரு காலை, அந்தச் சிகரம் அகலமாகப் பரந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று வேறு. மெஷினைக் கழுவினேன். அன்று புதிதாகப் பிரித்த அதே பெட்டியிலிருந்து வேறு குப்பி திறந்தேன். அதே கதை. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று எஞ்சினியரைக் கூப்பிட்டால், நாளைக்குத்தான் வருவேன் என்றார்.

அன்று காத்திருந்தது ஏழு வயதுக் குழந்தையின் எலும்பு மஜ்ஜை. ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். நாள் கடந்தால் சாம்பிள் கெட்டுவிடும், மறுபடி அவள் இடுப்பெலும்பில் ஊசி.

அவள் அப்பா விழிஞ்ஞத்தில் கடலுக்குப் போகிறவர். கவுண்டரை விட்டு நகரவில்லை. "மோளுடெ ரிசல்ட் வந்நோ மேடம்?" மகளின் ரிசல்ட் வந்ததா என்று திரும்பத் திரும்ப.

வேறு சரக்கு கொடுக்க வந்த அண்ணாச்சி, மெஷின் கெட்டுவிட்டது என்று நான் அந்த அப்பாவிடம் சொல்வதைக் கேட்டபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் வந்தார்.

"மெஷின்ல குத்தமில்ல மேடம். போன வாரம் அந்தப் பெட்டிய ஃப்ரீசர்கிட்ட வச்சிட்டேன். ஐஸாப் போச்சு. உருகினப்புறம் பாக்க நல்லாத்தான் இருந்துது... கொண்டாந்து தந்துட்டேன்."

உறைந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் அந்த இரண்டாவது சிகரம்.

கத்தினேன். அத்தனை பேர் முன்னாலும். "தெரிஞ்சே தந்தீங்களா? இனி இந்தப் படி ஏறாதீங்க!"

அவர் படியிறங்கினார். மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரத்தில் நனைந்துபோய் வந்தார், வேறொரு லேபில் கெஞ்சி வாங்கிய ஒரு குப்பியோடு.

சிகரம் சரியாக வந்தது. மத்தியானத்துக்குள் குழந்தையின் சாம்பிளை ஓட்டிவிட்டேன். இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை.

ஏஜென்சியில் அவரே போய்த் தன் தவறைச் சொல்லியிருக்கிறார். தண்டனையாக மூன்று மாதம் குடோனில் போட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்த அன்று கேட்டேன். "சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி?"

"அந்த அப்பன் நிக்கித நிப்பப் பாத்தேன்லா மேடம்... முடியல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், அன்று அப்படிக் கத்தியது தப்பு என்று. சொல்லவில்லை. டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டே கிட்டத்தட்ட இரண்டு வருடம்...

நாலு மணிக்குத் தைக்காட்டுச் சுடுகாட்டுக்கு எடுக்கிறார்களாம். மீதி சாம்பிள்களை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். அதில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன். கிழக்கே கோட்டையில் டிராஃபிக் பிளாக். கால் மணி நேரமாக நகரவில்லை.

இறங்கி நடக்கிறேன். அண்ணாச்சி, இன்றைக்கு ஒருநாள் கொஞ்சம் லேட்டாகக் கிளம்புங்க.