மான் விழணும், சாகக்கூடாது

பாகூர் கடைத்தெருவில் ஆணி, தாழ்ப்பாள், கயிறு விற்ற ஜாபர் அலியை ஊரே ‘மான் பாய்’ என்றுதான் கூப்பிட்டது. அவர் வாழ்நாளில் ஒரு மானையும் அடித்ததில்லை. பட்டப்பெயர் வைக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுவே போதும்.

அறுபத்தேழாம் வருஷம் அவர் மகள் ரசியாவுக்குக் கூத்தாநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. பேச்சு முடிந்த சந்தோஷத்தில் பாய் வாயை விட்டார்.

“மொத விருந்துக்கு மான் பிரியாணி சம்பந்தி.”

சம்பந்தி அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இனி மான் வராவிட்டால், போகிற வீட்டில் ரசியாவைக் காலம் பூராவும் குத்திக் காட்டுவார்கள். பாய்க்குத் தூக்கம் போயிற்று.

பக்கத்துக் கடை எண்ணெய் மண்டி சண்முகசுந்தரம் அவருடைய பள்ளிக்கூடத் தோழர். துப்பாக்கி லைசென்ஸ் உள்ள மனிதர். பர்மிட் வாங்கிக் கல்வராயன் மலைக்கு வேட்டைக்குப் போவார். ஒரு மான் அடித்துத் தரச் சொல்லி பாய் அவரிடம்தான் போய் நின்றார். பழைய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ரைபிள் வாங்க இருந்தார். எந்த அளவுத் தோட்டா போடுகிற ரைபிள் என்பதில்தான் சண்டை.

“முன்னூத்தி எழுவத்தஞ்சு வாங்கறேன் ஜாபரு. காட்டெருமையே படுத்துடும்.”

“நான் போறதுக்குள்ள மான் செத்துட்டா இன்னாபா பண்றது? பிஸ்மி சொல்லி நான் அறுக்கற வரிக்கும் உசுரு இருக்கணும். இல்லன்னா ஹராம், திங்கக்கூடாது. சின்னதா இருவத்திரண்டு வாங்கு.”

“அது மொச்சக்கொட்ட சைசு. அடிபட்ட மான் ஓடிப்போயி எங்கியாவது துடிச்சி சாவும். அது மட்டும் பாவமில்லியா?”

அது பாய்க்கும் உறைத்தது. சண்முகசுந்தரமும் நினைத்ததை வாங்கிவிட முடியாது. அவர் வீட்டில் முட்டைகூட நுழையக்கூடாது. அவர் அடித்த கறி எதுவானாலும் பாய் வீட்டு அடுப்பில்தான் வேக வேண்டும்; முறைப்படி அறுக்காத கறி அந்த அடுப்பில் ஏறாது. ஒரு மாசம் இழுபறி நடந்து, கடைசியில் நடுவாந்தரமாக முன்னூற்றுப் பதினைந்து என்று முடிவாயிற்று.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் மரியதாஸ் டீக்கடையில் இதைக் கேட்டுச் சிரித்தார்.

“எந்தத் தோட்டாவா இருந்தா இன்னா? பாய் ஓடற வேகத்துக்கு நீங்க ஆமையத்தான் சுடணும்.”

பாய் கொஞ்சம் கனத்த உடம்பு. அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மலையில் விடிந்தும் விடியாத நேரம். பாயைப் பாறைக்குப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு சண்முகசுந்தரம் மேட்டில் ஏறிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளிமான் வந்து புல் மேய்ந்தது. அவர் குறி வைத்தார். விசையில் விரல் அழுந்தப் போகையில், மானுக்குப் பின்னால் இருந்த புதர் மெல்ல எழுந்து நின்றது. அதற்குக் கட்டம் போட்ட கைலி இருந்தது, கையில் கத்தியும் இருந்தது.

ஓடிப் பிடிக்க முடியாதென்று, பாய் முன்கூட்டியே மான் மேய வருகிற இடத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறார்.

மான் ஒரே தாவலில் மறைந்தது. பாய் மூச்சு வாங்க மேடேறி வந்து சத்தம் போட்டார்.

“ஏன்பா சுடல? கைக்கெட்டற தூரத்துல நின்னுச்சே.”

சண்முகசுந்தரம் ரைபிளைக் கீழே வைத்திருந்தார். அவர் அழுது நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

“ஒரு மாசமா தோட்டாவப் பத்தியே பேசினமே ஜாபரு. நீ எங்க நிக்கணும்னு பேசவே இல்லியேடா.”

அதற்குப் பிறகுதான் பாய் திரும்பி, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

விருந்தன்று ஆட்டுக்கறிதான். மறைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள், பாய் கேட்கவில்லை. சம்பந்தி ஒரு வாய் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“மான்னு சொன்னீங்களே?”

கதவுக்குப் பின்னாலிருந்து ரசியா எட்டிப் பார்த்தாள். பாய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

“மான் பொழச்சிக்கிச்சி சம்பந்தி. நானும் பொழச்சிக்கினேன். பாவம், ஆடுதான் மாட்டிக்கிச்சி.”

சம்பந்தி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தவர் சண்முகசுந்தரம்.