பத்தாயிரத்தின் கட்டம்

பாரிவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த வருடம், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நாலாம் வகுப்பில் ஐந்து பேர் வந்தார்கள். பெரிய எண்களில் நடுவே சைபர் வந்தால் அதை விழுங்கிவிட்டுப் படிப்பார்கள்.

ஒருநாள் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய் சாக்பீஸால் ஆறு கட்டங்கள் போட்டேன். லட்சத்தில் தொடங்கி ஒன்றில் முடியும் வரிசை. எண் 4,05,326. இருந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு எண் எழுதிய அட்டையுடன் நின்றார்கள். பத்தாயிரத்தின் கட்டம் மட்டும் காலி. மழைமூட்டத்தில் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

சைபரை விட்டால் நாலு லட்சம் எப்படி நாற்பதாயிரமாகச் சுருங்கும் என்று காட்ட நினைத்தேன். "அங்கதான் யாரும் இல்லையே, பக்கத்துல தள்ளி வா," என்றேன், நாலு என்று எழுதிய அட்டையை வைத்திருந்த சிறுமியிடம். பின்தெருவில் பல காலமாக இருக்கும் குடும்பத்துப் பெண், அதிகம் பேசாதவள். அவள் நகரவில்லை.

"நவுந்தா அக்காவ இடிச்சிருவேன் மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை. காலிக் கட்டத்துக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் எண் அட்டையுடன் நின்ற பையன், பஸ்ஸில் இடம்விடுவது போலத் தோளை ஒடுக்கிக்கொண்டிருந்தான். எண்ணைப் படிக்கச் சொன்னேன். நாலு லட்சத்து ஐயாயிரத்து முந்நூற்று இருபத்தாறு என்று ஒரே குரலில் படித்தார்கள், பிழையில்லாமல்.

அவளுடைய அம்மா கூட்டிப்போக வந்தபோது நடந்ததைச் சொல்லி, மூத்த மகள் உண்டா என்று கேட்டேன். இருந்தாளாம். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாளாம். எங்களுக்கு முன் இந்தக் கட்டடத்தில் குடியிருந்த ஒரு டீச்சரும் இதே இடத்தில் கட்டம் போட்டுப் பிள்ளைகளை நிறுத்துவாராம். எனக்கு அது தெரியாது.

எந்தக் கட்டம் என்று அந்த அம்மா கேட்டார். காட்டினேன். உள்ளே கால் வைக்காமல் ஓரமாக நின்றார்.

"அவ குட்டையா இருப்பான்னு அவளத்தான் சைபரா நிக்க வெப்பாங்க. மொத நாளு அழுதுகினே ஊட்டுக்கு வந்தா. நீ இல்லாங்காட்டி அல்லா நம்பரும் கொறஞ்சிடும்னு அந்த டீச்சர் சொல்லிக்கீறாங்க. அப்புறம் அழுவல."

சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வகுப்பை வீட்டுக்குள் மாற்றினேன். காலையில் ஒரு வாளித் தண்ணீருடன் கீழே போய் கட்டங்களைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேன். ஐந்து கட்டங்களை மட்டும் தேய்த்தேன். பத்தாயிரத்தின் கட்டத்தின்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு மாடியேறினேன்.