துடைத்து வைத்த தங்கத் துண்டுகள்

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினோரு வருடம் பெருக்கித் துடைத்தேன். மாடி அறைக்குள் நுழைந்தாலே அழுகின பூண்டு நாற்றம் அடிக்கும். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பாட்டில்களிலிருந்து வருவது அது. நகம் அளவு கண்ணாடித் துண்டுகள், ஒரு பக்கம் தங்கப் பூச்சு. அவற்றை ஒரு மருந்தில் போட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைப்பாள்.

“உள்ள இன்னா பாப்பா நடக்குது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“மருந்துல இருக்கிற துகளெல்லாம் தானா வந்து தங்கத்து மேல நிக்கும் ஆயாம்மா. ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு, வரிசையா. யாரும் நிறுத்தவே வேணாம்.”

“நம்ம ஜனம் பஸ் ஸ்டாண்டுல கூட அப்டி நிக்காதே!”

சிரித்தாள். “பாட்டில்ல கை வெச்சீங்க, நான் காலி.”

அந்த வரிசை கண்ணுக்குத் தெரியாது. அதனால் கரண்ட் விட்டு அளப்பாள். சரியாக நின்றிருந்தால் கரண்ட் தாண்டாது. கம்ப்யூட்டரில் கோடு படுத்துக்கொள்ளும். இடைவெளி இருந்தால் மேடு எழும். கோடு படுத்த நாளில் எனக்கும் டீ வாங்கித் தருவாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் துடைத்து, மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. அவள் மேஜையில் மூடிய தட்டில் ஆறு துண்டுகள் இருந்தன. பாட்டிலைத்தானே தொடக்கூடாது என்றாள், வெளியே எடுத்த பிறகு என்ன என்று நினைத்தேன். பூஜையும் அதுவுமாகத் தங்கம் மங்கிக் கிடக்கலாமா? ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிய துணியால் அழுத்தித் துடைத்து, அதே இடத்தில் வைத்தேன். பளிச்சென்று இருந்தன.

லீவு முடிந்து வந்து அளந்தாள். ஆறிலும் மேடு.

அவளுடைய சார் வாசலில் நின்றபடியே, “பஜ்ஜி தின்ன கையோட எடுத்தியாம்மா?” என்றார். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நான் பக்கெட்டோடு அங்கேதான் நின்றேன். நான் துடைத்ததை நாளைக்குச் சொல்லலாம் என்று அன்றைக்குப் போனேன். மறுநாளும் அப்படியே போனேன்.

வெளியூரிலிருந்து வரவழைத்திருந்த தங்கத் துண்டுகள் அந்த ஆறோடு தீர்ந்துவிட்டன. சார் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவள் படிப்பையே விட்டுவிட்டுப் போனாள்.

போன வருடம் தி. நகர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவள்தான் ஓடிவந்து கையைப் பிடித்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராம்.

“லேப் வேலைக்கு என் கை சரிப்படல ஆயாம்மா,” என்று அவளே சொன்னாள். பிறகு, “இப்பவும் மெஷினுக்கெல்லாம் துடைச்சுப் பொட்டு வெக்கிறீங்களா?” என்றாள்.

“இல்ல பாப்பா. லேப் வாசக் கதவுக்கு மட்டுந்தான்.”

“ஏன்?”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறித் தப்பிக்க பஸ் கூட இன்னும் வரவில்லை.

“வயசாயிடுச்சி பாப்பா,” என்றேன்.