தேதி போடாத லீவு லெட்டர்

தனா அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது... ஹார்ட் அட்டாக்.

பாடி ஏரியாவில் இருக்கும் எங்கள் கம்பெனியில் கிரைண்டிங் மெஷின் ஓட்டிய தனசேகர். நான் அவருக்கு ஷிப்ட் சூப்பர்வைசர். வயதில் அவர் மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன். அவர் சார் என்பார். எத்தனை முறை சொல்லியும் அதை விடவில்லை.

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஃபுட்பால் மேட்ச் என்றால் ஆவடியிலிருந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு ரயிலேறும் கும்பலில், முன்னால் நிற்கிற வழுக்கைத் தலை அவருடையது.

எனக்கு ஃபுட்பால் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேன்டீனில் டிபன் பாக்ஸ் மூடிகளை அடுக்கி வைத்து மூன்று முறை விளக்கினார். இன்றைக்கும் தெரியாது.

ஆனால் அவர்கள் கொண்டாடும் டீமுக்குப் புது கோச் வந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். அன்றைக்கே தனா அண்ணன் ஒரு லீவு லெட்டரோடு என் டேபிளுக்கு வந்து நிற்பார்.

காரணம்: பைனல் மேட்ச். தேதி: காலி.

சீசனே ஆரம்பித்திருக்காது. "தேதி இல்லாம எப்படிண்ணே?" என்றால், "தேதிய அவங்க சொல்லட்டும் சார். நாம ரெடியா கீறோம், அவ்ளோதான்" என்பார்.

நான் வாங்கி டிராயரில் போடுவேன். டீம் பாதி சீசனில் சுருண்டுவிடும். கோச் ஊருக்குப் போய்விடுவார். அடுத்த கோச்... அடுத்த லெட்டர். கேன்டீனில் இதை வைத்து ஓட்டாத ஆள் கிடையாது. நானும்தான் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு வருடம் டீம் நிஜமாகவே பைனலுக்கு வந்துவிட்டது.

அதே நாளில் எங்களுக்கு கஸ்டமர் ஆடிட். எல்லா லீவும் கட். முன்னாலேயே சாங்ஷன் ஆன லீவு மட்டும் செல்லும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

தனா அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "நம்மளுது அப்பவே குட்த்தாச்சே சார், பிரச்சன இல்லல்ல?"

டிராயரைத் திறந்தேன். லெட்டர் அங்கேயேதான் இருந்தது. நான் அதை ஆபீசுக்கு அனுப்பவே இல்லை. தமாஷ் என்று நினைத்து வைத்திருந்தேன்.

"அனுப்பினேன்ணே... மேல கேன்சல் பண்ணிட்டாங்க" என்றேன்.

பொய். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது. அவரிடமும்.

அன்றைக்கு மெஷினில்தான் நின்றார். டீம் தோற்றது. மறுநாள் அவருடைய கும்பல் கம்பெனி வாசல் டீக்கடைக்கே வந்து, நீ வராததால்தான் போச்சு என்று எகிறியது.

"நான் வந்துருந்தா மட்டும் இன்னா, நானா கோல் அடிச்சிருப்பேன்?" என்றார். அப்புறம் என்னைக் காட்டி, "சார் டிரை பண்ணாருப்பா. மேல ஒத்துக்கல" என்றார்.

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கேவலமாக இருந்தது.

போன மாதம் மறுபடியும் புது கோச். முதல் பேட்டியிலேயே கப் அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றாராம். எல்லா கோச்சும் அதைத்தானே சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"இல்ல சார், இவரு வேற. ஏர்ப்போர்ட் வீடியோ பாத்தீங்களா? நாலு பெட்டி எட்த்துகினு வந்துகீறாரு. போன கோச்சு ஒரே ஒரு பேக்க முதுவுல மாட்டிகினு வந்தான். அப்பவே எனக்கு டவுட்டு."

டீக்கடையில் கும்பல் முழுக்க இந்த நாலு பெட்டியைத்தான் பேசிக்கொண்டிருந்தது. "ஒரு சீசன்ல ஓடிப் போறவன் எதுக்கு மாமே நாலு பெட்டி தூக்கினு வரணும்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் தலையாட்டினார்கள். பிராக்டீஸ்கூட இன்னும் தொடங்கவில்லை.

லெட்டர் வந்தது. காரணம்: பைனல் மேட்ச். தேதி: காலி.

இந்த முறை டிராயரில் போடவில்லை. நானே எடுத்துக்கொண்டு எச்.ஆருக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் சிரித்தாள். தேதியை அப்புறம் எழுதிக்கலாம்மா, நான் பொறுப்பு என்று சொல்லிக் கையெழுத்தும் சீலும் வாங்கி வந்தேன். காப்பியை அவர் கையில் கொடுத்தேன்.

சீல் குத்தின இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட... சாங்ஷனே ஆயிட்ச்சா!" என்றார்.

அந்தப் பழைய லெட்டர் விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். பைனல் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நேற்று ஆவடியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நான் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"லீவு வாங்கிக் குட்த்த சாரு நீங்கதானா? தெரு பூரா சொல்லிகினு இருந்தாரு. அந்த வாட்டியும் எங்க சாரு எனக்கோசரம் சண்ட போட்டாருன்னு சொல்லுவாரு..."

ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் காப்பி ஒட்டியிருந்தது.

இன்று காலை எச்.ஆரிலிருந்து போன். ஃபைலை குளோஸ் பண்ண வேண்டும், அந்த லீவை கேன்சல் பண்ணிவிடலாமா சார் என்று கேட்டார்கள்.

வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

முதல் மேட்ச் வருகிற சனிக்கிழமை. கோச் பெட்டிகளைப் பிரித்து ஃபிளாட்டில் செட்டில் ஆகிவிட்டாராம், டீக்கடையில் சொன்னார்கள்.

அன்றைக்கு மேலே யாரும் கேன்சல் பண்ணவில்லை, தனா அண்ணே. நான்தான் அனுப்பவில்லை.

போயிட்டு வாங்கண்ணே.