ஜனாதிபதியும் ஒரு கம்பளிக் கோட்டும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நியூவார்க் நகரத்து இமிக்ரேஷன் ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன், அவருக்கு என்ன வந்தது என்கிறீர்களா? அவர் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். உள்ளே அறைக்குள் போயிருந்த சுகந்தி அவரைப் பற்றி என்ன சொல்லிவைக்கப் போகிறாரோ... அதுதான் கவலை.

சுகந்தி எங்கள் தெருக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இங்கே நியூஜெர்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் தியேட்டரில் அவர் 'நிறுத்துங்கள்' என்றால் எவ்வளவு பெரிய சர்ஜனும் நிறுத்தியாக வேண்டும். அப்பேர்ப்பட்டவரால் ஒன்று மட்டும் முடியவில்லை — சொந்தக் கணவரை இந்த நாட்டுக்கு அழைத்துவருவது.

கணவர் குகநாதன் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, லீவு முடிந்ததும் சுகந்தி திரும்பி வந்தார். பின்னாலேயே கணவர் வந்துவிடுவார் என்று ஏற்பாடு. அதற்குள் அங்கே கலவரம், ஊரடங்கு. இங்கேயோ வரிசை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கணவர் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். பிரஜையின் கணவருக்கு வரிசையே கிடையாது. அதனால் சுகந்தி அமெரிக்கப் பிரஜை ஆகவேண்டும். அதற்கு ஓர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்து, இந்த நாட்டு அரசாங்கத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் அந்தப் பரீட்சையை ஏற்கெனவே பாஸ் செய்தவன். ஆகவே எங்கள் வட்டாரத்தில் நான் ஒரு நிபுணன்! கேள்விகளைச் சின்ன அட்டைகளில் எழுதி, வரிசைப்படுத்தி, கிளிப் போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சமையலறை மேஜையில் பாடம் ஆரம்பமாயிற்று.

"சட்டம் இயற்றுவது யார்?"

"ஜனாதிபதி."

"போர்ப் பிரகடனம் செய்வது?"

"ஜனாதிபதி."

"அரசாங்கச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது?"

"அதுவும் அவர்தானே?"

"சுப்ரீம் கோர்ட் நீதிபதியை வேலையிலிருந்து நீக்குவது?"

"ஜனாதிபதி. அவர் நீக்காமல் வேற ஆர் நீக்கிறது அண்ணா?"

நாலு கேள்வி. நாலும் தப்பு. நாலுக்கும் சரியான பதில் காங்கிரஸ், அதாவது இந்த நாட்டுப் பார்லிமெண்ட்.

அடுப்படியிலிருந்து என் மனைவி சரசு சிரித்தாள். "என்னங்க டாக்டர், எல்லாத்துக்கும் அவரையே சொல்றீங்க? ஒரே ஆள் தலையில இவ்ளோ வேலையைக் கட்டினா அவர் எப்ப சாப்பிடுவார், எப்ப தூங்குவார்?"

"இல்லை அக்கா," என்றார் சுகந்தி. "எங்கட ஊர்ப் பரீட்சையெண்டால் எனக்கு நூற்றுக்கு நூறு."

அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சரசு தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டாள். நான் அந்த நாலு அட்டைகளையும் ஒருமுறை பார்த்தேன். பதில்கள் தப்பில்லை. நாடுதான் வேறு.

அடுத்த வாரம் 'வீட்டோ'வுக்கு வந்தோம். காங்கிரஸ் இயற்றும் சட்டத்தை ஜனாதிபதி மறுக்கலாம். ஆனால் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மறுபடி கை தூக்கினால் அவருடைய மறுப்பு செல்லாது. இதை எப்படிப் புரியவைப்பது? எங்கள் வீட்டு ஸ்டேஷன் வேகன் கைகொடுத்தது. அந்தக் காரை வாங்க வேண்டாம் என்று நான்தான் வீட்டோ செய்தேன். சரசுவும் என் மகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் என்பது கச்சிதமாக மூன்றில் இரண்டு பங்கு. கார் வந்துவிட்டது.

"டாட் கீப்ஸ் லூசிங்," என்றாள் மாடிப்படியிலிருந்து மகள்.

சுகந்தி அன்று நன்றாகச் சிரித்தார். அதற்கப்புறம் வீட்டோ அவருக்கு மறக்கவே இல்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தவர் அட்டைகளைத் தொடவில்லை. "அண்ணா, ஒரு விஷயம் கேக்கட்டோ?" என்றார்.

முந்தின நாள் யார் வீட்டிலோ பிறந்தநாள் விருந்து. அங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார் — 'எதுக்கு டாக்டர் இந்தப் பரீட்சையெல்லாம்? ஒயிட் ஹவுசுக்கு ஒரு தந்தி அடிங்க. அவர் ஒரு ஃபோன் போட்டா உங்க ஹஸ்பெண்ட் அடுத்த பிளேன்ல வந்துடுவார்.'

"அடிச்சுப் பாக்கட்டோ?"

சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தானே? ரேஷன் கார்டா, காலேஜ் சீட்டா, டிரான்ஸ்பரா... நம் முதல் கேள்வி என்ன? 'யாரைப் பிடிக்கணும்?' மேலே ஒருத்தர் இருக்கிறார், அவர் மனசு வைத்தால் ஆகிவிடும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. கடல் தாண்டினாலும் போவதில்லை. இங்கே வந்து பார்த்தால், அந்த மேலே இருக்கிறவரே காலையில் எழுந்ததும் 'யாரைப் பிடிக்கணும்?' என்றுதான் கேட்கிறார்! பட்ஜெட்டுக்குக் கமிட்டித் தலைவரைப் பிடி, உடன்படிக்கைக்கு செனட்டர்களைப் பிடி, நீதிபதியை நியமிக்கவும் அதே செனட்டர்களைப் பிடி...

இதையெல்லாம் விளக்கினேன். விசா வரிசை காங்கிரஸ் போட்ட சட்டம். ஜனாதிபதி தன் இஷ்டத்துக்கு ஒருவரை இழுத்து முன்னால் நிறுத்த முடியாது என்றேன்.

"அப்ப அவரால என்னதான் ஏலும்?"

"ராணுவத்துக்குத் தளபதி. சட்டத்தை மறுக்கலாம். அப்புறம், மத்திய அரசின் சட்டத்தை மீறினவர்களை மன்னிக்கலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்."

"மன்னிக்கிறதுக்கு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை."

"அது நல்லது," என்றார். பிறகு திடீரென்று கோபம் வந்துவிட்டது. "ஆனால் ஒரு நல்ல காரியத்தை டக்கெண்டு செய்ய ஏலாத ஆளையோ அண்ணா இவ்வளவு பெரிய வீட்டில வச்சிருக்கினம்? அங்க என்ர மனுசன் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்து சேருவாரோ எண்டு நான் இங்க ராவு பகலா..."

அவர் மேஜையில் இருந்த அட்டைகளை எடுத்தார். கலைத்தார். மறுபடி அடுக்கினார். கலைத்தார். நான் போட்ட வரிசை முழுக்கப் போயிற்று. சரசு என்னைப் பார்த்தாள். வரிசை குலைந்தால் எனக்குப் பொறுக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த அட்டைகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. நான் திருத்தவில்லை.

சரி, நியூவார்க்குக்கு வருகிறேன். கதவு திறந்தது. சுகந்தி வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை — மயக்க மருந்து டாக்டர்களின் முகம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"என்ன ஆச்சு?"

"எல்லாம் நீங்கள் சொல்லித்தந்ததைத்தான் ஆபீசர் அம்மா கேட்டா. வீட்டோவும் வந்தது. எனக்கு உங்கட கார் ஞாபகம் வந்து சிரிப்பு வந்திட்டுது."

"அப்புறம்?"

"கடைசியா அந்த ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, ஜனாதிபதியால செய்ய முடியாத ஒண்டைச் சொல்லுங்கோ எண்டு கேட்டா."

எனக்கு உயிர் வந்தது. அட்டையில் அதற்கு ஏழெட்டுப் பதில்கள் இருக்கின்றனவே! "எதைச் சொன்னீங்க? சட்டமா? போரா?"

"ஒண்டும் வரேல்லை அண்ணா. அட்டையெல்லாம் மறந்து போச்சு."

"ஐயையோ..."

"வாயில வந்ததைச் சொன்னன். 'அவரால ஒயிட் ஹவுசிலேயே இருக்க ஏலாது. காலம் முடிஞ்சால், விருப்பமோ விருப்பமில்லையோ, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேணும்' எண்டன்."

"அதுக்கு அவங்க?"

"எழும்பிக் கை குடுத்தா. பாஸ் அண்ணா."

சொல்லிவிட்டு அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது.

திரும்பும் வழியில், கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில், "ஒரு கடையில நிப்பாட்டுவீங்களோ?" என்றார். ஆகஸ்ட் மாதம், வெளியே தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் கடைகளில் குளிர்காலக் கோட்டுகள் வந்துவிட்டன. கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து, "அண்ணா, கொஞ்சம் போட்டுக் காட்டுங்கோ" என்றார். போட்டுக்கொண்டு நின்றேன். வியர்த்துக் கொட்டியது. என் தோளில் கை வைத்து அளந்து பார்த்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"அவர் உங்களைவிட அகலமோ, ஒடுக்கமோ தெரியேல்லை அண்ணா. பாத்து எவ்வளவு காலம்."

என் சுபாவம் என்னை விடவில்லை. "இன்னும் கோர்ட்டில் நீதிபதி முன்னால் பிரமாணம் எடுக்கணும்," என்று ஆரம்பித்தேன். "அப்புறம் மனு போடணும், அப்புறம் கொழும்பில் விசா..."

"தெரியும் அண்ணா. கோட் காத்துக்கொண்டிருக்கும்."

கறுப்பா, பழுப்பா என்று குழப்பம். எங்கள் இருவருக்கும் கறுப்புதான் பிடித்திருந்தது. பொதுத் தொலைபேசியிலிருந்து சரசுவைக் கூப்பிட்டேன். "அவர் வெளிச்சத்துக்கு வர்றார். கறுப்பைக் குடுக்காதீங்க," என்று வீட்டோ செய்துவிட்டாள்.

எங்கள் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. இருந்தாலும், பழுப்புக் கோட்டைத்தான் சுகந்தி வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.