வாசல் நாய்க்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள்

எட்வின் சாகக் கிடந்த நாளில் ஆண்டவர் செய்ததைச் சபை நடுவே சாட்சியாகச் சொல்லும்படி கேட்டார்கள். மைக் முன்னால் நின்றால் பாதியில் அழுதுவிட்டு மீதியை மறந்துவிடுவேன் என்பது எனக்கே தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். கூட்டிச் சொல்ல எனக்கு வராது, குறைத்துச் சொல்லவும் மனம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எட்வின் ஒரு நாய். அடையாறில் எங்கள் சர்ச் வாசலில் படுத்துக் கிடக்கும் பழுப்பு நிறத் தெரு நாய். பெயர் வைத்தது நான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு தலைமையாசிரியர் இருந்தார். அவருக்கும் இதே மாதிரி அரைத் தூக்கக் கண். அவர் பெயரையே வைத்துவிட்டேன். பெண்கள் ஐக்கியத்தில் சிலரைத் தவிர, சபையில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. மற்றவர்களுக்கு அவன் வெறும் வாசல் நாய்.

அவன் வாசலுக்கு வரக் காரணமே நான்தான். தினமும் விடியற்கால ஜெபத்துக்கு நான் நடந்து போகும்போது கூடவே வருவான். நான் உள்ளே போனதும் கேட் ஓரம் படுத்துக்கொள்வான். என் கணவர் இறந்த பிறகு, அந்த இருட்டில் எனக்குத் துணைக்கு வந்த ஒரே ஜீவன் அவன். இதற்கு மேல் அவனைப் பற்றி எழுதினால் அழுகை வந்துவிடும்.

வாசலில் நாய் படுப்பது எல்லாருக்கும் பிடிக்குமா? பிடிக்கவில்லை. முக்கியமாகத் தங்கராஜ் ஐயாவுக்கு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்பவர். எட்வினை மட்டும் குடைக்கம்பால் தட்டி விரட்டுவார். "ஆராதனைக்கு வர்ற இடமாம்மா இது, இல்ல நாய்ப் பண்ணையா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். எனக்கும் நாக்கு சும்மா இருக்காது. "அது உள்ள வந்து பாடலையே ஐயா, வெளியதான படுத்திருக்கு" என்பேன். எங்கள் உறவு இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தது.

நான் ஒரு சின்ன மீட்புக் குழுவில் இருக்கிறேன். அடிபட்ட நாய், கிணற்றில் விழுந்த பூனை, இறக்கை முறிந்த காகம், எது வந்தாலும் பார்ப்போம். குழுவை நடத்துவது மயிலாப்பூர் மீனாட்சி மாமி. நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். தெரு நாய் என்றாலே இப்போது எல்லாருக்கும் ஒரு கோபம் இருக்கிறது. கடிபட்டவர்கள் கோபப்படுவதை நான் தப்புச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபம் சாப்பாடு வைக்கிற எங்கள் மேலும் விழுகிறது. அதனால் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு வீம்பு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எட்வின் எழுந்திருக்கவில்லை. முந்தின நாளே சோறு தொடவில்லை, வெயிலுக்கு இருக்கும் என்று நினைத்தேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. ஆராதனையை விட்டுவிட்டு ஓடினேன். மாமியும் நானும் அவனைப் போர்வையில் சுருட்டி, நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா சின்னப் பெண்தான், மழுப்பிப் பேசத் தெரியாதவர். "உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்ப இறங்கிடுச்சு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ரத்தம் ஏத்தணும். இல்லேன்னா கஷ்டம்" என்றார். நாய்க்கு நாய் ரத்தம்தான் வேண்டும். கொடுக்கிற நாய் பெரிய உடம்பாக, இளசாக, தடுப்பூசி எல்லாம் போட்டதாக இருக்க வேண்டும். நாய் ரத்தம் சேமித்து வைக்கும் இடத்தில் விசாரித்தோம், கைவசம் இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் தெருவில் மீட்ட நோஞ்சான்கள். பெரிய நாய் வளர்க்கும் வீடுகளுக்கு மாமி போன் மேல் போன் போட்டார். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒரு வீட்டில் தெரு நாய் என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

"எங்காத்துக்குப் பக்கத்துல கோயில். நான் அங்க வேண்டிண்டு வரேன். நீ உன் சாமிகிட்ட கேளு. யார் முதல்ல தரான்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மாமி கிளம்பினார். அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல்.

நான் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தேன். அழகான ஜெபமெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, எங்கிருந்தாவது ஒரு பெரிய நாயை அனுப்பும்." அவ்வளவுதான். இதற்குப் போய் ஆண்டவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. மனிதர்களுக்கே ஆயிரம் கஷ்டம் இருக்கும்போது நாய்க்கு ஜெபமா என்று யாராவது கேட்கலாம். ஆனாலும் எனக்கு அவன் வேண்டும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டேன். "எங்கள் எட்வினுக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், ஜெபித்துக்கொள்ளுங்கள்." கிளினிக் இருக்கும் தெருவையும் எழுதினேன். எட்வின் கதையைக் கேட்டுக் கேட்டு அவர்கள் காது புளித்திருக்கும், அதனால் விளக்கம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குழுவில் கிரேஸ் அக்கா புதிதாகச் சேர்ந்திருந்தார், எட்வின் யாரென்று அவருக்குத் தெரியாது. ஜெபக் குறிப்புகளைச் சபை முழுவதுக்கும் அனுப்பும் பொறுப்பு அவருடையது. நம் சபைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், யார் பெயர் வந்தாலும் முன்னால் ஒரு 'சகோதரர்' போட்டுவிடுவோம். அக்காவும் அப்படியே போட்டார். "சகோதரர் எட்வின் ஆபத்தான நிலையில் இருக்கிறார். பாரத்தோடு ஜெபியுங்கள். இரத்தம் கொடுக்க முடிந்தவர்கள் உடனே நேரில் செல்லவும்." நான் எழுதிய தெருவையும் கீழே சேர்த்தார். ஆராதனை முடிகிற நேரம். செய்தி எல்லார் கையிலும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது. எட்வின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வண்டிச் சத்தம். முதலில் உள்ளே வந்தவர் தங்கராஜ் ஐயா. வெள்ளைச் சட்டையின் ஒரு கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். அந்த வயதில் அவரிடம் யார் ரத்தம் எடுக்கப்போகிறார்கள்? ஆனாலும் வந்துவிட்டார். அவர் பின்னால் ஆட்டோ ஓட்டும் சேகர் அண்ணன். அதற்கும் பின்னால், வாசல் அடைக்க நம் சபையார்.

"எட்வின் எங்கம்மா? எந்த ரூம்?" என்றார் ஐயா, மூச்சு வாங்கிக்கொண்டே.

மேஜையைக் கை காட்டினேன்.

சேகர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா சிஸ்டர் இது, நாய் கீது? பேஷண்ட் எங்க?" என்றார். பிறகு இன்னும் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது நம்ம வாசல்ல குந்திக்கினு இருக்குமே, அந்த நாய் ஐயா" என்றார்.

பின்னால் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "இதுக்காகவா சாப்பிடாம ஓடி வந்தோம்?" என்று முனகிக்கொண்டே வெளியே போனார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இனி சபையில் தலை காட்ட முடியாது என்றே நினைத்தேன்.

தங்கராஜ் ஐயா மட்டும் நகரவில்லை. எட்வினையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்வின் கண்ணைத் திறந்தான். விரட்டிய மனுஷன் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் வாலை ஒரு தடவை அசைத்தான். அவனுக்கு அவ்வளவுதான் தெம்பு இருந்தது.

ஐயா மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். டாக்டரம்மாவைப் பார்த்து, "மனுஷ ரத்தம் ஆகாதுல்ல? அப்ப எந்த மாதிரி நாய் வேணும், சொல்லுங்க" என்றார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்றவர்களிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி ஒதுக்கும் அதே குரலில், "வந்தது வந்தாச்சு. யார் வீட்ல, யார் தெருவுல பெரிய நாய் இருக்கு? போன் பண்ணுங்க" என்றார்.

ரத்தம் கொடுக்க வந்தவர்கள் நாய் தேடப் போனார்கள். கிரேஸ் அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் ஓடி, பக்கத்து வீட்டுப் பொமரேனியனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "இவகிட்ட எடுத்தா அப்புறம் இவளுக்கு ஏத்தணும்" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பினார். அப்புறம் ஒரு லாப்ரடார் வந்தது, அதற்கு வயது அதிகம். இன்னொன்று ஊசியைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. மணி ஓடிக்கொண்டே இருந்தது. எட்வினின் மூச்சு எனக்கே கேட்காத அளவுக்குக் குறைந்தது. அப்போதுதான் பயம் வந்தது. இத்தனை பேரை அனுப்பிவிட்டும் அவனை எடுத்துக்கொள்வீரா என்று ஆண்டவரிடம் சண்டையே போட்டேன்.

சேகர் அண்ணனின் மச்சான் கோடம்பாக்கத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு நாய் பழக்கிக் கொடுப்பவர். அவருடைய டைகரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வந்து இறங்கினார். பெரிய அல்சேஷன். "சீன் சொன்னா படுத்துக்கும் சிஸ்டர், லைட்டுக்கே பயப்படாது" என்றார். சோதித்துப் பார்த்தார்கள். ரத்தம் சேர்ந்தது. டைகர் சொன்னபடி படுத்து, சொன்னபடி கழுத்தைக் காட்டியது. கோயிலிலிருந்து திரும்பிய மாமி அதற்கு விசிறிக்கொண்டே நின்றார்.

ரத்தம் ஏற ஆரம்பித்ததும் தங்கராஜ் ஐயா எட்வின் பக்கத்தில் வந்தார். தலையில் கை வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வைத்தார். ஜெபிக்க வாயைத் திறந்தார். வாரா வாரம் நீளமாக ஜெபிக்கிற மனுஷன். அன்று, "ஆண்டவரே, இவன் திரும்ப வாசலுக்கு வரட்டும்" என்று மட்டும் சொன்னார். நான் சத்தமாக ஆமென் சொன்னேன். மாமியும் சொன்னார்.

இருட்டுவதற்கு முன் எட்வின் தலையைத் தூக்கினான். மறுநாள் கஞ்சி குடித்தான். உடம்பு தேற ரொம்ப நாள் பிடித்தது. அத்தனை நாளும் நம் சபையார் முறை வைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். அன்று முனகிக்கொண்டு போனவரும் வந்தார், வேக வைத்த கோழி ஈரலோடு. சபையாரும் சேர்ந்துவிட்ட எங்கள் மீட்புக் குழுவில் இப்போது யார் எந்த மதம் என்று கேட்டால் மாமிக்கே குழப்பம் வரும். ரத்தம் கொடுக்கத் தகுதியான நாய் யார் வீட்டில் இருக்கிறது என்பது சேகர் அண்ணனுக்கு மனப்பாடம். போன வாரம் பெருங்குடியில் யாரென்றே தெரியாத ஒருவர் தன் நாய்க்காக அழுதுகொண்டே கூப்பிட்டார். அரைமணிக்குள் நாம் போய் நின்றோம்.

நான் கேட்டது ஒரு நாயை. என் ஆண்டவர் முதலில் அனுப்பியது மனிதர்களை. நான் கேட்கவே வெட்கப்பட்ட மனிதர்களை. அவருக்கு நன்றி சொல்லி எனக்குத் தீரவில்லை.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு வாயில்லா ஜீவன் சுருண்டு கிடந்தால், இதற்கெல்லாமா என்று யோசிக்காதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய், உங்களுக்கு ஆகாத பக்கத்து வீட்டுக்காரரின் கதவையும் தட்டுங்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரப்போவது அவராகவும் இருக்கலாம்.